ஒரே ஒரு வண்டி வந்த கப்பல்

யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் தொழில் பழகியவன் நான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருடங்களில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைக்கு ஃபோர்மேனாக வந்து சேர்ந்தேன். பேசுவது தமிழ்தான் என்றாலும் மதராஸ் எனக்கு வெளிநாடாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறந்தால் தொழிலாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அங்கே பெயர் கிடையாது, சிலோன்காரன் என்பார்கள். துரைமார்களுக்கோ நான் இன்னொரு கறுப்பன், அவ்வளவுதான்.

இராயபுரத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். அங்கிருந்து வேலைக்குப் போக சைக்கிள்தான். எதிர்க்காற்று வீசும் மாதங்களில் மணலைத் தின்றுகொண்டு மிதிப்பேன். போய்ச் சேர்ந்து அரைமணி நேரத்துக்குக் கால் நடுங்கும். அதனால்தான் மவுண்ட் ரோடு கடையொன்றில் இங்கிலாந்து மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் பதிந்து வைத்தேன். அப்போதெல்லாம் பதிந்துவிட்டு மறந்துவிட வேண்டியதுதான். எப்போது கப்பல் வரும், எத்தனை வண்டி வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது.

ஒரு நாள் கடையிலிருந்து ஆள் வந்தான். கப்பலில் ஒரே ஒரு வண்டிதான் வந்திருக்கிறது, முதல் பெயர் உங்களுடையது என்றான். இரண்டாவது பெயர் யாருடையது என்று மறுநாள் தெரிந்தது. எங்கள் மானேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் ஸ்காட்லாந்துக்காரர். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. அன்று குரலில் தேன் வழிந்தது. எனக்குக் குடும்பமில்லை, அவசரமில்லை, அடுத்த கப்பலில் வருவதை நான் எடுத்துக்கொள்ளலாம், இதை அவருக்கு விட்டுக்கொடுத்தால் மறக்க மாட்டார் என்றார். நாம் இரண்டு பேருமே இந்த நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள், ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள வேண்டாமா என்றும் கேட்டார். அந்த அறையில் ஒருநாளும் அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை. வெளியிலிருந்து வந்த இரண்டு பேரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், மற்றவனான நான் நின்றுகொண்டிருந்தேன்.

வண்டி என் பெயரில் வந்திருக்கிறது, நான்தான் எடுப்பேன் என்றேன். யோசித்துச் சொல் என்றார். யோசித்தாகிவிட்டது என்றேன். தேன் உடனே நின்றது.

துறைமுகத்துப் பக்கம் கடைக்காரர்களின் கிடங்கில் பெட்டியை உடைத்தார்கள். மெழுகுக் காகிதத்தை உரிக்க உரிக்க, கருஞ்சிவப்பு டாங்க் வெளியே வந்தது. கிரீஸைத் துடைத்து, பெட்ரோல் ஊற்றினேன். இரண்டாம் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. காசிமேடு வரை ஓட்டிப் போனேன். மீன் கூடைக்காரிகள் வழிவிடாமல் நின்று திட்டினார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை, தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை தொழிற்சாலை வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தான். வண்டி உள்ளே வரக்கூடாது, உத்தரவு என்றான். உள்ளே துரைமார் கார்களுக்கான தகரக் கொட்டகை பாதி காலியாகக் கிடந்தது. யார் உத்தரவென்று நான் கேட்கவில்லை. வெளியே மதிலோரம், தொழிலாளர்களின் சைக்கிள் வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

அது கெட்ட நேரம். தொழிலாளர்கள் இரண்டு பேரைக் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தியிருந்தது. அதற்காகத் தினமும் வாசலில் கூட்டம், கோஷம். கூட்டத்துக்கு முன்னால் நிற்பவன் கிரேன் ஓட்டுபவன். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன், அகன்ற தோளும் தடித்த கழுத்துமாக இருப்பான். அவன் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"கம்பெனி குட்த்த வண்டியா சார்?"

என் சொந்த வண்டி என்றேன்.

"ஷோக்கா கீது. எங்காளுங்க ரெண்டு பேரு வேலயில்லாம வூட்ல குந்திகினு கீறாங்க. இந்த நேரத்துல ஒனுக்கு வண்டி வந்து எறங்குது."

அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். வேறென்ன கேட்டிருக்க முடியும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அவன் டாங்க்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அந்த வாரத்திலேயே ஒரு மாலை நான் வெளியே வந்தபோது இருக்கைத் தோல் குறுக்கே கிழிக்கப்பட்டிருந்தது. டாங்க்கில் ஆணியால் 'நாய்' என்று கீறியிருந்தார்கள். சுற்றிலும் ஆட்கள் தங்கள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன்கூட என் பக்கம் திரும்பவில்லை. யார் என்று கேட்டேன். சைக்கிள் மணிகள்தான் சத்தம் போட்டன. கிழிந்த இருக்கையில் உட்கார்ந்து, அந்த எழுத்தை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இராயபுரம் வரை ஓட்டினேன்.

மானேஜர் மறுநாள் கூப்பிட்டார். அவருடைய அறைக்குக் கண்ணாடிச் சுவர். பட்டறையில் நிற்பவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியும், பேச்சு கேட்காது. கிரேன்காரன்தான் செய்தான் என்று சொல், நாளையிலிருந்து வண்டியைக் கொட்டகையில் நிறுத்திக்கொள் என்றார்.

நான் பார்க்கவில்லை என்றேன்.

பார்க்க வேண்டியதில்லை, சந்தேகம் என்றால் போதும் என்றார்.

எனக்குச் சந்தேகம் இருந்தது. அவன் செய்யாவிட்டால் அவன் சொல்லி இன்னொருவன் செய்திருப்பான். அவன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த மனிதர் கேட்டதைக் கொடுப்பதா? வண்டியைக் கொடுக்க மறுத்தவன், வெறும் பெயரைக் கொடுத்து அவரைச் சந்தோஷப்படுத்துவதா? சந்தேகமும் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆனாலும் அடுத்த நாள் கிரேன்காரனை வேலையை விட்டு நீக்கினார்கள். மானேஜருக்கு என் வாய் தேவைப்படவே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நான் நின்றதை எல்லாரும் பார்த்திருந்தார்கள், நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று அவர்கள் நம்ப அது போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு பட்டறையில் நான் ஒரு வேலை சொன்னால் மூன்றாம் தரம் சொன்ன பிறகுதான் ஒருவன் எழுந்திருப்பான். என் அளவுகோல்கள் காணாமல் போகும். வாசல் டீக்கடையில், கண்ணெதிரே கெட்டிலில் ஆவி பறந்துகொண்டிருக்கும்போதே, டீ தீந்துபோச்சு என்பான் கடைக்காரன். யாரிடமும் போய் நான் விளக்கம் சொல்லவில்லை. கேட்காதவர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஒரு சாயங்காலம் வீடு திரும்பும்போது, கடலோரச் சாலையில் குப்பத்துக்கு நேரே, குறுக்கே வலைக் கயிறு கட்டியிருந்தது. பிரேக்கை அழுத்தி நிறுத்தினேன். நாலைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் எஞ்சினை அணைத்தான். மணலில் ஏற்றிவைத்த கட்டுமரத்தில் உட்கார்ந்திருந்த கிரேன்காரன் மெதுவாக எழுந்து வந்தான்.

"எம் பேரை சொன்னியா?"

"நான் உன்ரை பேரைச் சொல்லேல்லை."

சுற்றி நின்றவர்கள் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னை உசுப்பியது.

"சொல்ல வேணுமெண்டு மனம் கிடந்து துடிச்சது. அந்த மானேஜர் கேட்டதைக் குடுக்கக் கூடாதெண்டுதான் சொல்லேல்லை. உனக்காக இல்லை."

அவன் இன்னும் ஓரடி நெருங்கி வந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"மனசு துட்ச்சிச்சில்ல? அப்போ சொன்ன மேரிதான்," என்றான். பிறகு தன் ஆட்களிடம் திரும்பி, "ஒடைக்காதீங்க. காத்த மட்டும் புடுங்கி வுடுங்க," என்றான்.

இரண்டு சக்கரங்களிலும் காற்றைப் பிடுங்கினார்கள். கயிற்றை அவிழ்த்து ஓரம் ஒதுங்கினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் வண்டியைத் தள்ளினேன். காற்றில்லாத சக்கரம் மணலில் புதையும். பிள்ளைகள் வரிசையாகப் பின்னால் வந்து கூச்சல் போட்டார்கள். தண்டையார்பேட்டை தாண்டித்தான் ஒரு சைக்கிள் கடையில் பம்ப் கிடைத்தது. கடைக்காரன் கேள்வி மேல் கேள்வி கேட்க, நான் குனிந்து காற்றடித்தேன். திறந்தால் அழுதுவிடுவேனோ அடித்துவிடுவேனோ தெரியாமல் வாயை இறுக்கி மூடியிருந்தேன்.

அடுத்த கப்பலில் மானேஜருக்கும் வண்டி வந்தது. கறுப்பு. கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்தது, அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. என்னை வேலையை விட்டு அனுப்ப அவரால் முடியவில்லை. என் வேலையைச் செய்ய வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். நானாகப் போவேன் என்று காத்திருந்தார். அதற்காகவே நான் போகவில்லை. அவர் ஊர் திரும்பிய பிறகுதான் வேலையை விட்டேன்.

கிரேன்காரனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. இராயபுரம் ரயில்வே கேட்டில் காலையில் சில நாள் எதிர்ப்படுவான். சரக்கு வண்டி போகும்வரை இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும் நிற்போம். கேட் திறந்ததும் என்னைப் பார்த்துக்கொண்டே தரையில் துப்புவான். நானும் பார்வையை இறக்க மாட்டேன். அவன் நிற்கும் பக்கமாகவே வண்டியை ஒடித்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கி, புழுதியை அவன்மேல் வாரி இறைத்துவிட்டுப் போவேன். அவன் கத்துவது எஞ்சின் சத்தத்தில் கேட்காது. கை ஓங்கி நிற்பது மட்டும் கண்ணாடியில் தெரியும்.