சேற்றுக்குள்ளே தின்கிறவை

சேறு அள்ளுகிறவனுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதே கஷ்டம். சேற்றுக்குள் எது தின்கிறது என்று தேடுகிறவனிடம், கொடுத்த வீட்டையும் திருப்பிக் கேட்பார்கள்.

நான் ரிஸ்வானா மிஸ்ஸிடம் உதவியாளன். மிஸ் கிண்ணியா ஆள், ஆராய்ச்சி செய்கிறா. கடலோரக் களப்புச் சேற்றின் அடியில் மெதேன் என்ற வாயு ஊறுகிறது. அது மேலே வருமுன் வழியிலேயே தின்றுவிடுகிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு. அவற்றைத் தேடுவதுதான் எங்கள் வேலை. முகமே காட்டாத முதலாளிக்கு மாடாய் உழைக்கிறவர்களுக்கு என் நிலைமை விளங்கும்.

சாம்பல்தீவுக் களப்பில்

சிவராசா அண்ணையின் தோணியில் போனோம். நல்ல மத்தியானம், காற்றில்லை, ஒரு பறவைச் சத்தமும் இல்லை. கண்டல் மரங்களுக்கிடையில் நான் தடியால் சேற்றைக் குத்த, வாயு கொப்புளம் கொப்புளமாக வந்தது. புனலைக் கவிழ்த்துப் பிடித்துப் போத்தலில் சேர்த்து, மிஸ் லைட்டரைக் கிட்டக் கொண்டுபோனா. வெயிலில் நெருப்பே தெரியவில்லை. போத்தல் பிடித்திருந்த என் கையின் மயிர்தான் கருகியது.

"இவ்வளவு காஸ் கீழ கிடக்கு. குத்தாமல் விட்டா மேல வாறது கொஞ்சம்தான்," என்றா மிஸ்.

"மிச்சம் எங்க போகுது?" என்று கேட்டார் அண்ணை.

"தின்னுதுகள் அண்ணை. நாங்கள் கதைக்கிற இந்த நேரமும் கீழ தின்னுதுகள்."

சின்ன வயதிலிருந்து அந்தச் சேற்றில் இறங்கி இறால் பிடிக்கிற மனிசன். தோணிக்கு வெளியே தொங்கப்போட்டிருந்த காலை மெதுவாக உள்ளே எடுத்தார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் மிதிச்சுத் திரிஞ்சது ஒரு வாயையோ?"

திரேசா அன்ரியின் முன்னறை

திருகோணமலை நகரத்தில், துறைமுகப் பக்கம், திரேசா அன்ரி வீட்டு முன்னறைதான் எனக்கு இருப்பிடமும் ஆய்வுகூடமும். மேசையில் இரண்டு போத்தல். இரண்டிலும் களப்பு மேற்பரப்புச் சேறு, கொஞ்சம் காற்று, கொஞ்சம் மெதேன். மூடி ஒவ்வொன்றிலும் ஊசி போடுகிற சிரிஞ்ச் ஒன்று குத்தியிருக்கும். உள்ளே வாயு குறையக் குறைய, சிரிஞ்சின் தண்டு தானாகவே கீழே இறங்கும். ஒருவரும் தொடத் தேவையில்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த அன்ரி அதைக் கண்டுவிட்டா. தண்டு கொஞ்சம் இறங்கியது, நின்றது, திரும்ப இறங்கியது. கோப்பையை மேசையில் வைக்காமல் வாசல்பக்கம் தள்ளி நின்று கேட்டா:

"தம்பி, உள்ளுக்க ஆர் மூச்சு இழுக்கிறது?"

பயப்பட வேண்டாம் என்று, அசையாமல் நின்ற மற்றப் போத்தலைக் காட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சேற்றை முதலே அவித்துவிட்டோம், அதனால் அதற்குள் ஒன்றுமில்லை என்றேன். அன்ரி சிலுவை போட்டா.

"அப்ப அதுக்க இருந்ததுகளை நீங்கள் அவிச்சுக் கொன்றுபோட்டீங்களோ?"

சல்லிக் கிராமத்தில் ஒரு கிணறு

சதுப்பை ஒட்டிய வளவில், பலகையால் மூடிக் கிடந்த பழைய கிணறு. வளவுக்காரன் மோகனின் தண்ணி இறைக்கிற மோட்டர் உள்ளே விழுந்து கிடந்தது. நாங்கள் வாயு பார்க்க வந்தது அவனுக்கு வசதியாகப் போய்விட்டது. பலகையை விலக்கி, வாயுமானியைக் கயிற்றில் இறக்கினோம். திரும்ப எடுத்தால் மெதேன் கொஞ்சமும் இல்லை.

"காஸ் இல்லைத்தானே, நான் இறங்கிறன்," என்று மோகன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். கயிற்றைப் பிடிக்க நானும் போனேன். வாயுமானியைப் பார்த்துக்கொண்டிருந்த மிஸ் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தா. "ஒட்சிசனும் இல்லை!"

அவன் நம்பவில்லை. அவன் மனைவி வாணி வாளிக்குள் மெழுகுதிரி கொளுத்தி இறக்கினா. பாதிக் கிணறு போகுமுன், விரலால் நசுக்கினதுபோல வெளிச்சம் செத்தது. இன்னொரு திரி கொளுத்தினோம். அதே இடத்தில் அதுவும் செத்தது.

மோகன் மண்ணில் குந்திவிட்டான். மிஸ் தாழ்ந்த குரலில் சொன்னா: "கீழ ஊறுற காஸை மண்ணுக்குள்ள இருந்து தின்னுதுகள். தின்னுறதுக்கு அதுகளுக்கும் எங்கட காத்துத்தான் வேணும். மூடின கிணறுதானே, ரெண்டையும் தின்னு முடிச்சிட்டுதுகள்." மோட்டரை விட்டுவிட்டுப் பலகையைத் திரும்பப் போட்டோம். புருசனின் கையை விடாமல் வாணி கேட்டா:

"மிஸ், கீழ காத்து முடிஞ்சா, அதுகள் மேல வருங்களோ?"

இதுகள் தின்னாமல் விட்டால், மேலே போகிற காஸால் உலகம் இன்னும் சூடாகும் என்று மிஸ் சொல்லுறா. நன்றி சொல்லத்தான் வேணும், எந்தப் பக்கம் பார்த்துச் சொல்லுறது என்றுதான் தெரியவில்லை.