நான் அடித்துக் கொடுத்த சான்றிதழ்

ஆலங்காயத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு அரசு டெண்டர்களை ஆன்லைனில் போட்டுக் கொடுப்பதும் என் வேலைதான்.

எங்கள் ஊரில் ஒரு அக்கா வீட்டிலேயே ஐந்து மெஷின் போட்டு, நான்கு பெண்களோடு தையல் தொழில் நடத்திவந்தார். மலைமேல் இருக்கும் அரசு விடுதிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கும் டெண்டரைப் பேப்பரில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். விதிகளைப் படித்தேன். மூன்று வருடம் சீருடை தைத்துக் கொடுத்த அனுபவச் சான்று கேட்டிருந்தார்கள். அக்கா அதுவரை தைத்ததெல்லாம் ஜாக்கெட்டும் சுடிதாரும். அப்போ நமக்கு வேணாம் தம்பி என்று எழுந்துவிட்டார். உட்காரச் சொன்னது நான்தான். எல்லோரும் செய்வதுதான் என்றேன். மூடிப்போன ஒரு தனியார் பள்ளியின் பெயரில் நானே சான்றிதழ் அடித்து, ரப்பர் ஸ்டாம்பு செய்துவந்து குத்தி, கையெழுத்தும் போட்டேன்.

டெண்டர் கிடைத்தது. அக்கா மூன்று முறை மலைக்குப் போய், ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி அளவெடுத்தார். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் டெண்டரில் தோற்ற ஒருவர், சான்றிதழ் போலி என்று மனு கொடுத்துவிட்டார். விசாரணைக்கு அழைத்தார்கள். துணைக்கு நானும் போனேன்.

அதிகாரி அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, இது யார் செய்தது என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் சார் செஞ்சேன். இவரு நான் குடுத்தத கம்ப்யூட்டர்ல ஏத்துனாரு, அவ்ளோதான்."

அவரைக் கருப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். போலீசில் வழக்கும் பதிவானது. வேலைக்கு வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். மெஷின்களை விற்றுவிட்டு, இப்போது வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தைக்கும் வேலைக்குப் போகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், உண்மையை நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது தம்பி? உங்க கடையும் மூடிக்கும். எனக்கு மெஷின் திரும்பி வந்துடுமா?"

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வாய்தா நாட்களில் அவரை என் வண்டியில்தான் திருப்பத்தூர் கோர்ட்டுக்கு அழைத்துப் போகிறேன். வழியில் மழையைப் பற்றி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார். கோர்ட் வாசலில் இறக்கிவிட்டு வெளியே நிற்பேன். உள்ளே ஒருமுறைகூடப் போனதில்லை.