புளியாரைக்கு ஜெர்மன் பெயர்

எங்கள் தொழிற்சாலையில் பன்னிரண்டு பேருக்கு ஜெர்மன் சொல்லித்தர ஏற்பாடு செய்தார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பயிற்சிக்காக ஆறு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு இருந்தது. நான் அப்போது ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தேன். உதிரிபாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் ஓகே முத்திரை குத்த வேண்டும். முசரவாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன்.

வகுப்பு சனிக்கிழமைதோறும் கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் நடந்தது. ஆசிரியை சென்னையில் தன் வீட்டிலிருந்து திரையில் வருவார். மூன்றாவது பாடத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு படம், அதில் நான்கு மாடுகள். கீழே 'வீஸெ' என்று போட்டிருந்தது. புல்வெளி என்றார் ஆசிரியை. "நம்ம மேய்க்கால் மாதிரியா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். அந்தப் படத்தில் இருந்த செடிகளில் ஒன்றின் பெயர் 'கிளே'. மூன்று இலை, மாடு தின்னும். நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

புதிய அளவீட்டு இயந்திரத்தை நிறுவ ஜெர்மனியிலிருந்து ஒரு பொறியாளர் மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காஞ்சிபுரத்தில் ஒரு ஓட்டலில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பில் இருப்பவர்கள் முறைவைத்து அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டினால் பேச்சுப் பழக்கமும் வரும் என்று நிர்வாகம் சொன்னது. யாரை அனுப்பலாம் என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேட்பார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் முறை வந்த அன்று நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன்.

அவர் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. புரியாத பாதிக்கு 'யா', அதாவது ஆமாம், என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு கோயில் பார்த்ததும் கல்தரையில் அவருக்குக் கால் சுட்டது. பச்சையாக ஏதாவது பார்க்க வேண்டும் என்றார். அது புரிந்தது. கம்பெனி கார் டிரைவரிடம் எங்கள் ஊர்ப்பக்கம் விடச் சொன்னேன். அன்று சாலையோரக் கழனி ஒன்றில் என் அம்மா களையெடுத்துக்கொண்டிருந்தாள். அவளோடு இன்னும் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள்.

கார் நின்றதும் அவர் வாய்க்கால் ஓரம் இறங்கினார். நாலெட்டு நடந்தவர் சட்டென்று குனிந்தார். ஈரத்தில் முழங்காலை ஊன்றி, ஒரு இலையைக் கிள்ளி என்னிடம் நீட்டினார்.

"கிளே!" என்றார். பிறகு விரல்விட்டு எண்ணிக் காட்டினார். நான்கு இலை.

அது ஆரைக்கீரை. எனக்கு மட்டுமல்ல, எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் 'ஸெல்டன்' என்று ஒரு சொல்லைச் சொல்லிக் கேள்வியாகப் பார்த்தார். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. "யா" என்றேன்.

அவர் அந்த இலையைத் தன் குறிப்பேட்டின் நடுவில் வைத்து மெதுவாக மூடினார். அவர் ஊரில் நான்கு இலை கிளே கிடைத்தால் அதிர்ஷ்டமாம். சின்ன வயதில் அண்ணனோடு சேர்ந்து எத்தனையோ கோடைக்காலம் தேடியும் ஒன்றுகூடக் கிடைத்ததில்லையாம். இதைப் பாதி ஜெர்மனிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னார்.

அதற்குள் அம்மா கழனியிலிருந்து கரையேறி வந்துவிட்டாள்.

"வாங்க சார். ஏம்மா, சாரு இன்னா தேடறாரு?"

"ஆராக்கீரைமா. நாலு எல இருந்தா அவுங்க ஊர்ல அதிர்ஷ்டமாம்."

அம்மா திரும்பி வரப்பைக் காட்டினாள். காலையிலிருந்து பிடுங்கிப் போட்ட களை நீளத்துக்கும் கிடந்தது. பெரும்பாலும் ஆரைதான். "இதுவா? வுட்டா நாத்தையே முழுங்கிடும். ஒரு மூட்ட கட்டித் தரேன், எட்த்துக்கினு போவ சொல்லு."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குவியலில் இருந்து ஒரு கொத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் நான்கு.

"எல்லாமேவா?" என்று கேட்டார்.

"யா" என்றேன். இந்த முறை கேள்வி புரிந்துதான் சொன்னேன்.

"அப்படியென்றால் அரியது என்று ஏன் சொன்னீர்கள்?"

இதை இங்கிலீஷில் கேட்டார். ஸெல்டன் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சொல் தெரியாது, அதனால் ஆமாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கொத்தைக் கீழே போட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"தொழிற்சாலையிலும் இப்படித்தான் ஓகே போடுகிறீர்களா?"

குரலை உயர்த்தவில்லை. எனக்குக் காது சுட்டது. அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது, ஆனால் என் முகம் புரிந்திருக்கும். "வெயில்ல நிக்க வெச்சுக்கினு இன்னா பேச்சு? வூட்டுக்கு இட்டாம்மா, சாப்ட்டு போவட்டும்" என்றாள். களைக்குவியலிலிருந்து இரண்டு கை ஆரையை மடியில் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

வீட்டுப் பின்பக்கம் குழாயடியில் அவர் கால் கழுவினார். நான் செம்பும் துண்டுமாக நின்றேன். கழுவிக்கொண்டிருந்தவர் மறுபடி குனிந்தார். தண்ணீர் ஓடும் இடத்தில் புளியாரை படர்ந்திருந்தது. மூன்று இலை, சின்ன மஞ்சள் பூ. என்னை ஒன்றும் கேட்காமல் ஒரு கொத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடம் அது. தடுப்பதற்குள் மென்றுவிட்டார். ஒரு கண் சுருங்கியது.

"ஸாவர்கிளே" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே.

எலுமிச்சைப் படத்தோடு 'ஸாவர்' என்ற சொல் வகுப்பில் வந்திருந்தது. புளிப்பு. கிளே ஏற்கெனவே தெரியும். இரண்டையும் சேர்த்தால் புளியாரை. யாரும் மொழிபெயர்த்துச் சொல்லாமல் நானாகப் புரிந்துகொண்ட முதல் ஜெர்மன் சொல் அதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். "நம்ம புளியாரதான். அவுரு ஊர்லயும் மொளைக்குதாமா?" என்றாள். கேட்டேன். அவர் ஊர்க் காட்டில் நிறைய இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பறித்துத் தின்போம் என்றார்.

"பச்சையாவா? ஒரு பருப்புகூட போடாமயா?" அம்மா நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

மதியச் சோற்றோடு ஆரைக்கீரையைப் பாசிப்பருப்பு போட்டுக் கடைந்து வைத்தாள். அது என்னவென்று அவரிடம் சொன்னேன். தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவிடம் சைகையாலேயே நன்றாகச் சிரித்துப் பேசினார். நேராக என்னைப் பார்த்துப் பேசவில்லை.

அவர் கை கழுவப் போனபோது போனில் அகராதியைத் திறந்து மூன்று வாக்கியங்கள் தயார் செய்தேன். காரில் ஏறும்போது ஜெர்மனிலேயே சொன்னேன். 'அந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வேலையில் நான் அப்படிச் செய்வதில்லை.'

மூன்றாவது வாக்கியம் முழு உண்மை இல்லை. ஷிப்டு முடிகிற நேரத்தில், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று, கடைசிப் பெட்டியை ஒழுங்காக அளக்காமல் முத்திரை குத்திய நாட்கள் உண்டு. இரண்டோ மூன்றோ. அவர் "குட்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அடுத்த மாதம் பெயர்கள் வந்தன. தேர்வு செய்யப்பட்ட இரண்டு பேரும் பெயின்ட் பிரிவுக்காரர்கள். மொழித்தேர்வில் எனக்கு நான்காவது இடம். அதனால்தான் என் பெயர் இல்லையென்று சொன்னார்கள், அது நியாயமாகவும் இருந்தது. இருந்தாலும் பொறியாளர் ஊருக்குக் கிளம்பும் நாளில் அவரிடம் நேராகவே கேட்டேன், என்னைப் பற்றி ஏதாவது சொன்னீர்களா என்று.

"கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன்" என்றார். "நீங்களாகவே ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். அவர்கள் எதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்களோ எனக்குத் தெரியாது."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கை கொடுத்தேன். அவர் போய்விட்டார். அந்த வாரத்திலிருந்து கடைசிப் பெட்டியையும் அளந்தேன். இரண்டு தடவை பஸ்ஸைத் தவறவிட்டு, சுங்குவார்சத்திரம் வரை நடந்து போய் வேறு பஸ் பிடித்தேன்.

வகுப்பு அந்த வருடத்தோடு நின்றுபோனது. அவர் நிறுவிய இயந்திரத்தை என் பொறுப்பில் விட்டார்கள். அதன் கையேட்டில் பழுது பார்க்கும் அத்தியாயம் மட்டும் இங்கிலீஷில் அச்சாகவில்லை, ஜெர்மனிலேயே இருந்தது. அதை நானே படித்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். முடிக்க ஐந்து வாரம் பிடித்தது.