வெள்ளிக்கிழமை சுட ஓர் ஆள்

வேட்டைக்குப் போன சைவம் என்று என்னைக் கேலி செய்யாத தமிழ்க் குடும்பம் சிட்னியில் இல்லை. எழுபத்து நாலில் இங்கே இருந்ததே கொஞ்சம் பேர். அத்தனை பேர் வாய்க்கும் நான்தான் அவல். சிரித்துவிட்டுப் போகட்டும். யோகராணி எப்படிப்பட்ட பெண் என்று அவர்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கூடவே போன எனக்கு முழுசாகத் தெரியும்.

யோகராணிக்கு முல்லைத்தீவுப் பக்கம். இங்கே பரமட்டாவுக்கு அருகே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கணவர் மகேந்திரராஜா ரயில்வே என்ஜினியர், பரம சாது. ஒருநாள் யோகராணியோடு வேலைபார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர், வேட்டைக் கம்பெனி தன்னை விமானத்தில் வடக்கே கூட்டிப்போய்ச் சுடவைத்த பெருமையை அளந்திருக்கிறார். அதற்கு அவர் கொடுத்த தொகையைக் கேட்டு யோகராணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"படுக்கக் கட்டில், சமைக்க ஆள், காட்ட ஒரு வழிகாட்டி. இதுக்கோ இவ்வளவு காசு? நாங்களே போவம்!" என்றார் அன்று மாலை. மகேந்திரராஜாவுக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

அவர்கள் ஊரில் பங்கிறைச்சி என்று ஒரு வழக்கம் உண்டு. சில வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, வெட்டி, ஏற்றத்தாழ்வு இல்லாமல் குவியல் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். யோகராணி அந்த வழக்கத்தை அப்படியே வேட்டைக்குத் திருப்பினார். ஆறு வீடுகள் முன்கூட்டியே பங்கு போட்டன. பெட்ரோல், தோட்டா, உப்பு எல்லாம் அதில். பதிலுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் காட்டுப்பன்றி வத்தல், அதாவது உப்பிட்டு வெயிலில் காயவைத்த இறைச்சி.

பங்கு போட்ட இரஞ்சிதம் அக்கா சும்மா போடவில்லை. "பார் பிள்ளை, வெறுங்கையோட வந்தியெண்டால் பிறகு உன்ர சொல்லை ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றார், எல்லார் முன்னாலும்.

"பெரிய சட்டியாக் கழுவி வையுங்கோ அக்கா" என்றார் யோகராணி.

சும்மா சொல்லக்கூடாது, என்ன ஏற்பாடு! வடக்கே மழை ஓய்ந்து மண்பாதை காய்ந்திருக்கும் ஜூலை மாதம். கூடாரத்துக்குப் பதில் ஒரு தார்ப்பாய். பழைய பட்டாளத்துத் துப்பாக்கி ஒன்று, அவர்கள் பேச்சில் துவக்கு, மலிவாக. கேதரின் ஊரைத் தாண்டி மாட்டுப்பண்ணை வைத்திருந்தவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் வேலியைப் பன்றிகள் நாசம் செய்கின்றன என்பதைக் கறந்து, அனுமதியும் வாங்கிவிட்டார். எனக்கென்று ஒரு புதுப் பானை, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி. அதில் இறைச்சி படவே படாது என்று சத்தியம் செய்தார்.

நான் எதற்கு? என்னிடம் கோம்பி வான் இருந்தது. தமிழ்நாட்டில் கல்லூரி என்.சி.சி.யில் இதே ரகத் துப்பாக்கியால் குறிபார்த்துப் பரிசு வாங்கினேன் என்று ஒரு விருந்தில் உளறியும் இருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வழியில் முன்சக்கரத்துப் பேரிங் போயிற்று. மாற்று பேரிங் யோகராணியிடம் இருந்தது! அதைக் கழற்றும் கருவிதான் எங்கள் மூவரிடமும் இல்லை. கருவி கிடைத்துப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது கையில் மிச்சம் இரண்டே நாள். சனிக்கிழமை முதல் மாடுகளை ஓட்டிச் சேர்ப்பார்கள், அதன்பின் யாரும் சுடக்கூடாது என்று பண்ணைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை ஒரு பன்றிகூடக் கண்ணில் படவில்லை. காட்டெருமை ஒன்று மட்டும் எதிரே வந்து மலைபோல நின்றது. மகேந்திரராஜா குறிபார்த்தார். யோகராணி துவக்கின் குழலைக் கீழே அழுத்தினார்.

"அது மாட்டுச் சாதியப்பா. எங்கட ஆக்கள் ஆர் தின்னுவினம்?"

மறுநாள் காலை குளக்கரைச் சேற்றில் பன்றிக் கூட்டமே புரண்டுகொண்டிருந்தது. மகேந்திரராஜா துவக்கை எடுத்தார். பிறகு மெல்லக் கீழே வைத்துவிட்டார்.

"இண்டைக்கு வெள்ளி. உயிர் எடுக்கிறேல்லை எண்டு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்."

யோகராணிக்கும் வெள்ளி விரதம் உண்டு. ஆனால் அவர் பதறவில்லை. துவக்கை என்னிடம் நீட்டினார். "அண்ணை, நீங்கள் சுடுங்கோ."

"நானா?"

"பின்ன? வானுக்காகவோ உங்களைக் கூட்டி வந்தனாங்கள்? வான் எங்கையும் எடுக்கலாம். நாள் பிந்தி வெள்ளியில வந்து நிண்டால் சுடுறதுக்கு ஆள் வேணுமெண்டு முதலே யோசிச்சிட்டன். உங்களுக்கு வெள்ளியும் ஒண்டு, செவ்வாயும் ஒண்டுதானே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அம்மா தாயே! எனக்கு வெள்ளிக்கிழமை இல்லைன்னு யாரு சொன்னா? எனக்கு வாரம் பூரா வெள்ளிக்கிழமைதான்! ஒரு முட்டைகூட உடைச்சதில்ல நான்!"

அவர் முகம் விழுந்துவிட்டது. கிழமை பார்த்து இறைச்சியை விடுகிற வீட்டில் வளர்ந்தவர். கிழமையே பார்க்காத என்னை விரதமே இல்லாதவன் என்று எண்ணிவிட்டார். அத்தனை ஏற்பாட்டிலும் அவர் தப்பாகப் போட்ட கணக்கு நான் ஒருவன்தான்.

பன்றிகள் மெதுவாகக் கரையேறத் தொடங்கின. இரஞ்சிதம் அக்காவின் குரல் எனக்கே கேட்டது. இந்தப் பெண் அங்கே தலைகுனிந்து நிற்பதை நினைக்கவும் பொறுக்கவில்லை. துவக்கை வாங்கிவிட்டேன். குழலைத் தரையைவிட்டு உயர்த்தவில்லை.

யோகராணி என் கையைப் பார்த்தார். துவக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"விடுங்கோ அண்ணை. நீங்கள் சுட்டால் உங்கட எல்லா நாளும் போயிடும். என்ர ஒரு வெள்ளிதானே, போகட்டும்."

சின்ன வயதில் வயல் காவலில் பன்றி விரட்டிச் சுட்டுப் பழகியவர். தரையில் படுத்துக் குறிபார்த்தார். இரண்டு வெடி, இரண்டு பன்றி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த இறைச்சியைக் கீலம் கீலமாக வெட்டி, உப்பிட்டு, வலை போர்த்தி எங்கே காயவைத்தார் தெரியுமா? என் வானின் கூரையில்! வடக்கிலிருந்து சிட்னி வரை! வான் வெயிலில் நின்ற இடமெல்லாம் வத்தல் காய்ந்தது. வந்து சேர்ந்ததும் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவர் வீட்டுப் பின்வளவில் பங்கு பிரித்தார்கள். இரஞ்சிதம் அக்கா உண்மையிலேயே பெரிய சட்டியோடு வந்திருந்தார். முகர்ந்து பார்த்தார், ஒரு துண்டைப் பிய்த்து மென்றார். "அச்சா ஊர் வத்தல்! அடுத்த வருசமும் என்ர பங்கை எழுது பிள்ளை" என்றார். ஆறு குவியல் ஆறு வீட்டுக்கு. ஏழாவது மகேந்திரராஜாவுக்கு. எட்டாவதாக ஒரு தாளில் கத்தரிக்காய், பூசணிக்கீற்று, உருளைக்கிழங்கு, ஒரு பிடி பச்சைமிளகாய்.

"வேட்டைக்கு வந்தவருக்குப் பங்கில்லாமல் விடலாமோ?" என்று அதை என் முன்னால் வைத்தார் யோகராணி. ஒத்திகை பார்த்த நாலு வார்த்தையை அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது தாளும் விரித்திருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

"உங்க பங்கு?" என்று கேட்டேன்.

"வெள்ளியில எடுத்த உயிர் அண்ணை. எனக்கு வேண்டாம்."

என் குவியலை இரண்டாகப் பிரித்தேன். பாதியை அந்தத் தாளில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டார்.