முன் இடது கால்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் சல்லி ஊர் மீனவருக்குப் படகு செய்தேன், மூதூரில் பள்ளிவாசல் கதவு செய்தேன், இரண்டு முறை எரிந்த என் மரவேலைக் கொட்டிலை இரண்டு முறையும் நானே எழுப்பினேன். துறைமுகத்தடி ஹோட்டலில் நிற்கும் இருநூறு வருடத்து அமெரிக்கக் கதிரைக்கு உடைந்த காலையும் புதிதாகச் செய்து போட்டேன். சாய்ந்து உட்காரக் கேடயம் போன்ற முதுகு. கீழே போகப்போக மெலியும் கால்கள். அவற்றில் மஞ்சள் மரத்தில் பதித்த பூச்சரம். அந்த மஞ்சளுக்கு எங்கள் ஊர் முதிரை மரமே போதுமாயிருந்தது.

கதிரையைப் பார்த்துக் குறிப்பெழுதக் கொழும்பிலிருந்து ஒருவர் ஹோட்டலுக்கு வந்தார்; நானும் அங்கே நின்றேன். ஒல்லியான மனிதர், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. எந்தக் கதிரையையும் கவிழ்த்து, அடிப்பக்கத்தை மோந்து பார்த்த பிறகுதான் கதைப்பாராம். அன்றும் மோந்துவிட்டு முன் இடது காலைத் தடவினார்.

“இந்தக் காலைப் பாருங்கோ. அந்தக் காலத்து அமெரிக்கத் தச்சனைத் தவிர வேற ஆராலும் இப்பிடிச் செய்ய ஏலாது.”

“அந்தத் தச்சன் நான்தான், ஐயா.”

“பகிடி விடாதேங்கோ.”

காலின் உட்புறம் நான் என் அடையாளமாக வெட்டிவைத்த சின்ன மீனைக் காட்டினேன். டோர்ச் அடித்துப் பார்த்தவரின் முகம் சுருங்கியது. உடனே கதிரைக்கான குறிப்பு அட்டையில் எழுதினார்: ‘ஒரு கால் அசலல்ல.’

“இப்பதானே புகழ்ந்தனீங்கள்?”

“ஓம். ஆனா அப்ப எனக்குத் தெரியாதே.”

போகும்போது திரும்பி வந்து அதே காலை இன்னொரு முறை தடவினார். ஏனென்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அசலல்ல என்று எழுதட்டும். ஆனால் அது யார் செய்த கால் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.