குளோரினில் கழுவிய மண்

பிள்ளைகளே, கடற்கரையில் நமக்கு இருக்கிற காணி ஏன் வெறும் மணலாகக் கிடக்கிறது என்று கேட்டீர்கள். அன்று நான் கதையை மாற்றிவிட்டேன். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

சுனாமியில் அங்கிருந்த வீடு போனது. எங்கள் மூத்த பிள்ளை, உங்கள் ராத்தாவும் போனாள். அடக்கம் செய்ய மையித்துகூடக் கிடைக்கவில்லை. நீங்கள் இருவரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

முகாமில் இருந்தபோது, திரும்பிப் போவோமா என்று உங்கள் உம்மாவிடம் கேட்டேன்.

"கடலுக்கும் வாசலுக்கும் நடுவுல மரம் நிண்டா வாறன். இல்லாட்டி நீங்க மட்டும் போய் இருங்க" என்றார்.

அதற்காகத்தான் சவுக்குக் கன்று வளர்க்கும் வேலையில் சேர்ந்தேன். அதற்கு முன் கிணறு இறைக்கப் போனவன் நான். கடல் புகுந்த கிணறுகளை இறைத்து, குளோரின் கரைத்து ஊற்றுவோம். அந்த மணம் இருந்தால் சுத்தம், இல்லாவிட்டால் நோய் என்று சொல்லித் தந்தார்கள். அது எனக்குள் ஊறிவிட்டது.

கன்று வளர்க்கப் பழக்கியவர் பாண்டிருப்பு ஊரைச் சேர்ந்த உத்தியோகத்தர் ஒருவர். என்னை அண்ணன் முறை வைத்து, காக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் பழைய சவுக்கு மரங்களுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கு மண் கொண்டுவந்தார். அதில் வெள்ளை நூல்போல ஏதோ படர்ந்திருந்தது.

"காக்கா, இது ஊத்தை இல்ல, பங்கசு, நல்ல பூஞ்சணம். வேரோட ஒட்டியிருந்து, வேர் எட்டாத இடத்துச் சத்தையும் இழுத்துக் குடுக்கும். இது இல்லாம இந்த மணல்ல கண்டு எழும்பாது. ஒவ்வொரு கண்டுப் பைக்கும் ஒரு பிடி போடுங்க."

ஓம், போடுறன் என்று சாக்கை வாங்கிக்கொண்டேன். அந்த மரங்கள் நிற்பது, சுனாமியில் கண்டெடுத்த மையித்துகளை அவசரமாக அடக்கிய இடத்துக்குப் பக்கத்தில். உம்மாவுக்கு அது தெரியும்.

"அந்த இடத்து மண்ணா? நம்மட புள்ள அங்க கிடக்காளோ ஆருக்குத் தெரியும். பூஞ்சணமும் புடிச்சிருக்கு. இதத் தொட்ட கையோட சோத்துப் பானையத் தொடாதீங்க."

எனக்கும் மனம் கேட்கவில்லை. ஒரு பீப்பாயில் மண்ணைக் கொட்டி, கிணற்றுக்குப் போடும் அளவு குளோரின் கரைத்து ஊறவைத்தேன். பிறகு பாயில் பரப்பி வெயிலில் காயவிட்டேன். வெள்ளை நூல் ஒன்றும் மிஞ்சவில்லை. நிம்மதியாக, பிஸ்மில்லாஹ் சொல்லி, பைக்கு ஒரு பிடி போட்டேன்.

கன்றுகளைக் காணியின் கடல் பக்கத்தில் நட்டோம். இரண்டு சாண் உயரத்தில் நின்றுவிட்டன. பிறகு மஞ்சளடித்தன. உத்தியோகத்தர் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

"மண்ண என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். முதலில் சிரித்தார்.

"மருந்தக் கீழ ஊத்திட்டு வெறும் போத்தலக் குடுத்தா நோயாளி எழும்புவானா, காக்கா?"

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். வேறு மண் கொண்டு வருவதாகச் சொன்னார். அதற்குள் நாட்டில் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. அவருக்கும் இடமாற்றம். அடுத்த கோடையில் கன்றுகள் எல்லாம் காய்ந்தன. பிடுங்கினால் ஒரு நேரம் அடுப்பெரிக்கக்கூடக் காணாது.

யுத்தம் முடிந்த பிறகு நானே சாக்கோடு அந்த இடத்துக்குப் போனேன். சண்டைக் காலத்தில் பதுங்கும் பங்கருக்குக் கட்டை வேண்டுமென்று எப்போதோ மரங்களைத் தறித்துவிட்டார்களாம். அடிக்கட்டைகள்தான் நின்றன. ஒன்றின் அடியில் முழங்கை ஆழம் தோண்டினேன். மண் சாம்பல்போல உதிர்ந்தது. மரத்தோடு நூலும் போயிருந்தது.

வெறும் சாக்கோடு வந்தேன். உம்மா வாசலில் நின்றார்.

"கிடைச்சுதா?"

"இல்ல, புள்ள."

"கையக் கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது."

கழுவினேன். அதற்குப் பிறகு அந்தக் காணியைப் பற்றி அவரும் கதைப்பதில்லை, நானும் கதைப்பதில்லை. நீங்களும் உம்மாவிடம் கேட்க வேண்டாம்.