செவ்வாயில் ஒற்றைச் செருப்பு

மோஷி ஊரைத் தாண்டும்போது இடது செருப்பின் வார் அறுந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்தேன். சாகண் தொழிற்சாலையில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டும் வேலையை அன்று காலைதான் விட்டிருந்தேன். யாரும் துரத்தவில்லை. கதவுகள் வந்துகொண்டே இருந்தன, எனக்குக் கால் பரபரத்தது, கிளம்பிவிட்டேன். பஸ் இருந்தது. உட்கார்ந்து வரப் பொறுமை இல்லை.

போவதற்கு இருந்த ஒரே இடம் கட்கியில் அக்கா வீடு. போன தடவையே சொல்லியிருந்தாள்: "இனிமே வேலைய விட்டுட்டு வந்து நின்னேன்னா கதவத் திறக்க மாட்டேன். உங்க அத்தானுக்கு என்னால பதில் சொல்ல முடியலடா." சொன்னால் செய்கிறவள்.

குறுக்கு வழி என்று நினைத்து ஒரு காலி மனைக்குள் இறங்கினேன். செம்மண்ணை மாவு சலித்த மாதிரி பரப்பியிருந்தார்கள். பாதி தூரம் போயிருப்பேன்.

"அரே காகா! ருகோ!"

ஓரத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் என்னை நிற்கச் சொல்லிக் கத்தினார்கள். நிமிர்ந்தால், கிரேன் கொக்கியில் ஆறு சக்கர வண்டி ஒன்று தொங்குகிறது. என் வாயில் தமிழ்தான் வந்தது. அவர்களில் ஒரு தமிழ்ப் பெண் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அது... வேற கிரகம். செவ்வாய். அங்க யாரும் நடந்ததில்ல."

"இப்ப நான் நடந்துட்டேனே."

அவள் மட்டும் சிரித்தாள். செவ்வாயில் வண்டி இறக்குவதற்கு ஒத்திகையாம். இறங்கும்போது வண்டியின் கேமரா கீழே பார்த்து, சமமான இடத்தைத் தானே தேர்ந்தெடுக்குமாம். என் காலடி அதற்குப் பள்ளமாகத் தெரியுமாம். கிரேன்காரரோ இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நீளக் கைப்பிடி வைத்த பலகை கிடந்தது. எடுத்தேன். ஒரு செருப்புத் தடம், ஒரு வெறுங்கால் தடம் என்று என்னுடையதை நானே இழுத்து அழித்தபடி பின்பக்கமாக நடந்து வெளியே வந்தேன்.

வண்டி இறங்கியது. கொஞ்சம் தயங்கி, ஒதுங்கி, நான் சமப்படுத்திய இடத்திலேயே சக்கரம் பதித்தது. பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். உடனே அது உருண்டு போய்த் தரையைக் கெடுத்தது.

"நாளைக்கும் நிறைய தடவ இறக்கணும். கூலி தர்றோம், வர்றீங்களா அண்ணா?" என்றாள் அந்தப் பெண். பார்க்கலாம் என்றேன். எதற்கும் உடனே சரி சொல்லிப் பழக்கமில்லை.

அக்கா சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தாள். முதலில் என் காலைப் பார்த்தாள்.

"விட்டுட்டியா?"

"வேற கிடைச்சிருக்கு. மண்ணு சமப்படுத்துற வேல."

"எங்க?"

"செவ்வாய் கிரகத்துல."

"குடிச்சிருக்கியாடா?"

"மோஷி பக்கம்தான்க்கா. காலேஜ் பசங்க வண்டி விடுறாங்க."

உள்ளே திரும்பிப் பார்த்தாள். அத்தான் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"காலைல நீ கிளம்புறத நான் பாக்கணும். இல்ல, பைய வெளிய வச்சிருவேன்."

சங்கிலி கழன்றது.

காலையில் அத்தானின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். மனையில் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. ராத்திரி ஒரு நாய் செவ்வாயின் குறுக்கே ஓடியிருந்தது. பலகையை எடுத்து, அதிலிருந்து தொடங்கினேன்.